குருதி சொல்லும் சேதிகள்: நான்கு புரதங்களும் நம் வீட்டுப் பெண்களும்

ஊரில் யாருக்காவது மாரடைப்பு வந்தது என்று கேள்விப்பட்டால், அடுத்த வாரமே அக்கம்பக்கத்தார் பலர் இரத்தம் சோதிக்கக் கிளம்பிவிடுவார்கள். வந்த அறிக்கையைப் பார்த்து, "கொலஸ்ட்ரோல் நோர்மல்தான், பயமில்ல" என்று ஒருவர் நிம்மதி அடைவார். "கொஞ்சம் கூடிப் போச்சாம்" என்று இன்னொருவர் தேங்காய்ப்பாலைக் கண்டாலே அஞ்சத் தொடங்குவார். இரண்டு பேருமே ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு இதயத்தின் முழுக் கதையையும் வாசித்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

நான் இக்கல்லூரியில் உயிரியல் பிரிவில் படித்தவள். இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் பயில்கிறேன். குருதியிலுள்ள சில புரதங்களை அளந்து மாரடைப்பின் ஆபத்தை எப்படி அறிகிறார்கள் என்பதை என் தங்கைமாருக்கு விளங்கும்படி எழுத வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இது பரீட்சைக்கான பாடம் மட்டுமல்ல. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்குப் பல ஆண்டுகளாக முதன்மைக் காரணமாக இருப்பது இதயத் தசைக்குப் போதிய குருதி கிடைக்காமையால் வரும் நோயே. அந்தக் கணக்கில் நம் உம்மாமாரும் உம்மம்மாமாரும் இருக்கிறார்கள்.

நம் பக்கத்து மனிதர்களைப் பற்றி ஓர் ஆய்வு

2004ஆம் ஆண்டு 'இன்டர்ஹார்ட்' என்ற பேராய்வின் முடிவுகள் வெளிவந்தன. கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்து, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் இதய மருத்துவ நிபுணர் சலீம் யூசுப் இதனைத் தலைமை தாங்கி நடத்தினார். 52 நாடுகளில், முதல் தடவை மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும், அது வராத ஏறக்குறைய அதே தொகையினரையும் ஒப்பிட்டார்கள். இலங்கையும் அந்த நாடுகளில் ஒன்று.

தென்னாசியர் பற்றிய தனிப் பகுப்பாய்வு 2007இல் வந்தது. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளிலும் முதல் மாரடைப்பு வந்தோரின் சராசரி வயது 53. ஏனைய நாடுகளில் அது 58.8. அதாவது, மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு வருடங்கள் முன்னதாகவே நம்மவர்களை அந்நோய் தேடி வருகிறது. பிள்ளைகளின் படிப்பு முடியாத, கலியாணக் கடமைகள் தீராத வயது அது.

இந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மாரடைப்பு ஆபத்தை உயர்த்தும் ஒன்பது காரணிகளுள் மிக வலிமையானவை இரண்டு. ஒன்று புகைத்தல். மற்றையது 'அப்போ பி', 'அப்போ ஏ-1' என்னும் இரு குருதிப் புரதங்களின் விகிதம். கொலஸ்ட்ரோல் என்னும் கொழுப்பின் அளவைவிட, அதைச் சுமந்து செல்லும் புரதத்தின் அளவு கூடுதலாகப் பேசியது. இனி அந்தப் புரதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாடியின் சுவரில் நடப்பது

இதயத் தசைக்குக் குருதி கொடுப்பவை முடியுரு நாடிகள். அவற்றின் உட்சுவருக்குள் கொலஸ்ட்ரோல் சுமந்த துணிக்கைகள் புகுந்து தங்குகின்றன. அவற்றை விழுங்க வெண்குழியங்கள் வருகின்றன. நாளடைவில் அவ்விடம் அழற்சியுற்று, கொழுப்புப் படிவு தடிக்கிறது. ஒருநாள் படிவின் மேற்பரப்பு வெடித்தால், காயத்தில் குருதி உறைவதுபோல அங்கும் உறைகிறது. பாதை அடைபடுகிறது. அதற்கப்பால் உள்ள தசைக் கலங்கள் ஒட்சிசன் இன்றி இறக்கத் தொடங்குகின்றன. இதுவே மாரடைப்பு.

படிவு உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அடைப்பு ஏற்படச் சில நிமிடங்கள் போதும். இந்தக் கதையின் வெவ்வேறு கட்டங்களைப் பற்றி நான்கு புரதங்கள் நமக்குச் சேதி சொல்கின்றன.

முதலாவது: சாரதிகளை எண்ணும் 'அப்போ பி'

கொலஸ்ட்ரோல் நீரில் கரையாது. ஆகவே குருதியில் தனியே பயணம் செய்யவும் அதனால் முடியாது. புரதமும் கொழுப்பும் சேர்ந்த துணிக்கைகள்தாம் அதைச் சுமக்கின்றன. கல்முனையிலிருந்து கொழும்புக்கு நூறு பேர் போகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெரிய பஸ்களிலும் போகலாம், பத்து வேன்களிலும் போகலாம். பயணிகள் தொகை ஒன்றுதான். ஆனால் வீதி நெரிசலும் விபத்துக்கான வாய்ப்பும் வாகனங்களின் தொகையைப் பொறுத்தவை.

வழமையான எல்.டி.எல். பரிசோதனை பயணிகளை எண்ணுகிறது. அப்போ பி பரிசோதனை வாகனங்களை எண்ணுகிறது. எப்படி? நாடிச் சுவருக்குள் புகக்கூடிய ஒவ்வொரு துணிக்கையிலும் அப்போ பி புரதம் ஒன்றே ஒன்றுதான் உண்டு; ஒரு வாகனத்துக்கு ஒரு சாரதி என்பதுபோல. சாரதிகளை எண்ணினால் வாகனங்களின் தொகை தெரிந்துவிடும்.

இந்த வேறுபாடு யாருக்கு முக்கியம்? நீரிழிவு உள்ளவர்களுக்கும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கும், குருதியில் ட்ரைகிளிசரைட் கூடியவர்களுக்கும். இவர்களிடம் சிறிய துணிக்கைகள் பெருந்தொகையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் கொலஸ்ட்ரோல் குறைவாக இருக்கும். எனவே எல்.டி.எல். 'நோர்மல்' என்று வரும். அப்போ பி கூடியிருக்கும். சோறும் சீனியும் அதிகம், நடை குறைவு என்ற வாழ்க்கை முறையில் இவ்வகை உடல்நிலை அரிதல்ல.

இரண்டாவது: பரம்பரைச் சொத்தாக வரும் 'லிப்போபுரதம் ஏ'

1963இல் நோர்வே நாட்டு விஞ்ஞானி கோரே பெர்க் கண்டறிந்த துணிக்கை இது. எல்.டி.எல். துணிக்கையின் அப்போ பி புரதத்தோடு 'அப்போ ஏ' என்ற நீளமான இன்னொரு புரதம் வால்போல ஒட்டியிருக்கும். முன்னர் சொன்ன 'அப்போ ஏ-1' வேறு, இது வேறு. பெயர் ஒற்றுமையால் மயங்கவேண்டாம். குருதிக் கட்டிகளைக் கரைக்க உதவும் பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தை இந்த வால் அமைப்பில் ஒத்திருக்கிறது. ஆனால் கட்டியைக் கரைக்கும் வேலையைச் செய்யாது.

இதன் அளவை மிகப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஆறாவது நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகு. கொழுப்பைக் குறைத்து உண்டாலும் தினமும் நடந்தாலும் இது பெரிதாக மாறாது. டெசிலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உயர்வு எனக் கொள்வர். உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது உயர்ந்திருக்கிறது. இன்டர்ஹார்ட் ஆய்வின் குருதி மாதிரிகளை வைத்து 2019இல் வெளியான கட்டுரை ஏழு இனக் குழுக்களை ஒப்பிட்டது. இந்த அளவு 50ஐத் தாண்டியபோது மாரடைப்பு ஆபத்து மிக அதிகமாகக் கூடியது தென்னாசியரிடமே. ஏறத்தாழ இரு மடங்கு.

"மாற்ற முடியாததை அளந்து என்ன பயன்?" என்று நீங்கள் கேட்கலாம். பயன் உண்டு. மழை வரும் என்று தெரிந்தால் மழையை நிறுத்த முடியாது, கூரையைச் செப்பனிடலாம். இது உயர்ந்திருப்பவர் தன் குருதி அமுக்கம், சீனி, எல்.டி.எல். ஆகியவற்றை மற்றவர்களைவிடக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும். அத்துடன் பெற்றோரில் ஒருவருக்கு இது உயர்ந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கிடைக்க ஏறக்குறைய பாதி வாய்ப்பு உண்டு. ஆகவே ஒருவரின் அறிக்கை முழுக் குடும்பத்துக்குமான சேதியாகிறது. வாழ்நாளில் ஒரு தடவை அளந்தால் பெரும்பாலும் போதும்.

மூன்றாவது: புகையைக் காட்டும் 'சி.ஆர்.பி.'

1930இல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளரின் குருதியை ஆராய்ந்துகொண்டிருந்த டில்லட், பிரான்சிஸ் என்ற இருவர், நியுமோகொக்கஸ் பற்றீரியாவின் 'சி' என்ற கூறோடு சேர்ந்து படியும் ஒரு பொருளைக் கண்டார்கள். அதுவே சி.ஆர்.பி. ஈரலில் உருவாகும் இப்புரதம் உடலில் எங்கு அழற்சி ஏற்பட்டாலும் கூடும்.

நுண்ணுணர்வுள்ள பரிசோதனை மூலம் இதன் மிகச் சிறிய உயர்வையும் இப்போது அளக்கலாம். லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு. 1 முதல் 3 வரை நடுத்தரம். 3க்கு மேல் உயர்வு. 10ஐத் தாண்டினால் எங்கேயோ தொற்றோ காயமோ இருக்கிறது என்று முதலில் தேடவேண்டும். காய்ச்சல், பல்லில் சீழ், மூட்டு வாதம் எல்லாம் இதைக் கூட்டும். அதனால்தான் நல்ல சுகமாக இருக்கும்போது, இரண்டு வார இடைவெளியில் இரு தடவை அளப்பது நல்லது.

இந்தப் புரதத்தைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகப் பெரிய அறிவு பெண்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் 27,939 பெண்களின் குருதியைச் சேகரித்து வைத்து, பொஸ்டனைச் சேர்ந்த போல் ரிட்கர் குழுவினர் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். எட்டு ஆண்டுகளின் முடிவில் 2002இல் வெளியான அறிக்கை சொன்னது இது: மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்த பெண்களில் 46 வீதமானோரின் எல்.டி.எல். 130க்கும் குறைவாகவே இருந்தது. "கொலஸ்ட்ரோல் நோர்மல், பயமில்ல" என்ற வார்த்தையை இந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள்.

அதே பெண்களை முப்பது ஆண்டுகள் தொடர்ந்த முடிவு 2024இல் வந்தது. சி.ஆர்.பி. மிக உயர்ந்திருந்த ஐந்தில் ஒரு பகுதியினருக்கு, மிகக் குறைந்திருந்த ஐந்தில் ஒரு பகுதியினரைவிட 70 வீதம் கூடுதல் ஆபத்து. அதே ஒப்பீட்டில் எல்.டி.எல். 36 வீதமும், லிப்போபுரதம் ஏ 33 வீதமும் ஆபத்தைக் கூட்டின. ஆரம்பத்தில் அப்பெண்களின் சராசரி வயது 55ஐ அண்மித்தது. அன்று எடுத்த ஒரு சிறு குழாய் இரத்தம் அவர்களின் 85 வயது வரைக்கும் சேதி சொல்லியிருக்கிறது. அவர்கள் பெரும்பாலும் வெள்ளையினப் பெண்கள் என்பதால், இந்த எண்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. திசை காட்டும் அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சி.ஆர்.பி. நெருப்பல்ல, புகை. நெருப்பு நாடிச் சுவரின் அழற்சி. அந்த நெருப்பை அடக்கினால் மாரடைப்பு குறையுமா என்று 10,061 நோயாளரிடம் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. அழற்சியைக் குறைக்கும் கனகினுமப் என்ற மருந்து, கொலஸ்ட்ரோலைத் தொடாமலே மாரடைப்பு முதலியவற்றைச் சுமார் 15 வீதத்தால் குறைத்தது. ஆனால் உயிர்கொல்லும் தொற்றுகள் சிலருக்குக் கூடின. எனவே அது பொதுப் பாவனைக்கு வரவில்லை. ஆயினும் அழற்சி வெறும் பார்வையாளன் அல்ல என்பது உறுதியாயிற்று.

நான்காவது: காயத்தை அறிவிக்கும் 'ட்ரோபோனின்'

உயர்தர உயிரியல் மாணவிகள் இப்பெயரைத் தசைச் சுருக்கப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இதயத் தசைக்கு உரிய ட்ரோபோனின் வகைகள் கலத்துக்குள்ளே இருக்கவேண்டியவை. கலம் காயமுற்றால் அவை குருதிக்குள் கசியும். மாரடைப்பு தொடங்கிச் சில மணித்தியாலங்களில் உயர்ந்து, ஒரு வாரத்துக்கு மேலும் உயர்ந்தே இருக்கும். முதல் மூன்று புரதங்களும் "வரக்கூடும்" என்று சொல்பவை. இது "வந்துவிட்டது" என்று சொல்வது.

எங்கள் மாமி ஒருவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு கலியாண வீட்டில் சமையல் வேலைகளை முடித்துவிட்டு வந்தவருக்கு அன்றிரவு நாடியெலும்பும் முதுகும் வலித்தன, நெஞ்சு அடைத்தது, வியர்த்துக் கொட்டியது, ஓங்காளித்தது. "ஒண்டுமில்ல புள்ள, கேஸ்ட்ரிக்தான்" என்று இஞ்சிப் பிளேன்டி குடித்து, இரண்டு பனடோல் போட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் லுஹருக்குப் பிறகுதான் வைத்தியசாலைக்குப் போகச் சம்மதித்தார். ட்ரோபோனின் பல மடங்கு உயர்ந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார். ஆனால் அந்த ஓர் இரவில் இறந்துபோன தசை திரும்பவில்லை. இன்று படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. அந்த அறிக்கையின் எண் மாமியின் நோயை மட்டுமா காட்டியது? பெண்களுக்கு நெஞ்சுவலி வந்தால் அது கேஸ்ட்ரிக்காகத்தான் இருக்கும் என்று நாமெல்லோரும் வைத்திருக்கும் நம்பிக்கையையும் சேர்த்தே காட்டியது.

இந்த நம்பிக்கை நம் ஊரின் தனிச் சொத்தல்ல. 2015இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். பெண்களின் இதயம் ஆண்களுடையதைவிடச் சிறியது. எனவே சுகமாக இருக்கும்போது அவர்களின் ட்ரோபோனினும் குறைவு. அப்படியிருந்தும் இருபாலாருக்கும் லீற்றருக்கு 50 நனோகிராம் என்ற ஒரே எல்லையைப் பயன்படுத்தினார்கள். அதை நுண்ணுணர்வுள்ள பரிசோதனையுடன் பெண்களுக்கு 16, ஆண்களுக்கு 34 என்று பிரித்துப் பார்த்தபோது என்ன நடந்தது? மாரடைப்பு எனக் கண்டறியப்பட்ட பெண்கள் 11 வீதத்திலிருந்து 22 வீதமாக இரட்டித்தார்கள். ஆண்களோ 19இலிருந்து 21 வீதமாக மட்டுமே கூடினார்கள். நோய் அதற்கு முன்பும் அப்பெண்களிடம் இருந்தது. எல்லைக்கோடுதான் ஆண்களின் அளவுக்குப் போடப்பட்டிருந்தது.

எண்ணுக்கு முன்னே செய்யவேண்டியவை

இதை வாசித்துவிட்டு நாளைக்கே நான்கு பரிசோதனைகளுக்கும் காசு கட்ட யாரும் ஓடவேண்டாம். சுகமாக இருப்பவருக்கு ட்ரோபோனின் வழமையாகச் செய்யப்படுவதில்லை. மற்ற மூன்றும் யாருக்குத் தேவை என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். குறிப்பாக, குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்திருந்தாலும், நீரிழிவு இருந்தும் எல்.டி.எல். 'நோர்மல்' என்று வந்திருந்தாலும் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அதற்கு முன்னே செய்யவேண்டியவை செலவில்லாதவை. குருதி அமுக்கம், சீனி, நிறை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றை அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள். அடுத்தது வெற்றிலை வட்டா. பெண்கள் புகைப்பதில்லை என்று நாம் பெருமைப்படுகிறோம். ஆனால் உம்மம்மாவின் வாயில் புகையிலை இருக்கிறது. புகையிலை மெல்லுவோருக்கு மாரடைப்பு ஆபத்து இரு மடங்குக்கு மேல் என்று அதே இன்டர்ஹார்ட் ஆய்வு 2006இல் காட்டியது. வெற்றிலையோடு புகையிலையை விடச் சொல்வது எந்த ஆய்வுகூடமும் தராத சிகிச்சை.

அவசர வேளையில் நினைவிருக்க வேண்டியது 1990 என்ற இலக்கம். சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை இலவசமானது. நெஞ்சு இறுக்கம், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் பிளேன்டி ஊற்றத் தண்ணீர் கொதிக்க வைக்கும் முன்னே அந்த இலக்கத்தை அழுத்துங்கள். முதல் ட்ரோபோனின் அறிக்கை சரியாக இருந்தாலும் வைத்தியர் சில மணித்தியாலங்களின் பின் இன்னொரு தடவை இரத்தம் எடுக்கச் சொல்வார். மிக ஆரம்பத்தில் அது உயர்ந்திருக்காமல் போகலாம் என்பதே காரணம். "ஒருக்கா பார்த்தாச்சுதானே" என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

தங்கைமாருக்கு ஒரு வீட்டு வேலை

நம் கரையோர ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம். அதனால் உம்மா, உம்மம்மா, சாச்சி, ராத்தா எல்லோரும் பெரும்பாலும் ஒரே வளவுக்குள்ளேயோ ஒரே ஒழுங்கைக்குள்ளேயோ இருக்கிறார்கள். பரம்பரை நோய் வரலாற்றைத் திரட்ட இதைவிட வசதியான ஏற்பாடு வேறு எங்கும் கிடைக்காது. ஒரு கொப்பித் தாளை எடுங்கள். உம்மா பக்கம், வாப்பா பக்கம் என்று இரண்டு கோடுகள் போடுங்கள். 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்த ஆண்கள் யார், 65 வயதுக்கு முன் வந்த பெண்கள் யார் என்று கேட்டு எழுதுங்கள். "திடீரென்று மௌத்தானார்" என்று மட்டும் சொல்லப்படுபவர்களின் வயதையும் எழுதிக்கொள்ளுங்கள். நீரிழிவும் பிரஷரும் யாருக்கு என்றும் குறியுங்கள். பிறகு உம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி: "உங்கட பிரஷர கடைசியா எப்ப பார்த்தீங்க?"

பலருடைய பதில், கடைசிப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது என்பதாக இருக்கும். அந்தப் பதிலையும் திகதியோடு எழுதிவிட்டு, தாளை மடித்து, உம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். அடுத்த முறை அவருடன் நீங்களும் போங்கள்.